ஜோதியக்காவின் ராசி மச்சம்

ஒரு பொய்யை ஏழு வருடம் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன். சோறு ஜோதியக்காவுடையது, பொய் மட்டும்தான் என்னுடையது. அரசாங்கக் கோப்பில் எழுத்துப்பிழை வந்தாலே எரிந்து விழுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் செய்த காரியம் இது என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

1989-ல் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். ஆபீஸ் வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் பசி வரும் என்று எங்களுக்கெல்லாம் முன்பாக யோசித்தவர் மண்ணாங்கட்டி, ஜோதியக்காவின் புருஷன். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை என்று எமனுக்கே வேண்டாத பெயராகப் பார்த்து வைத்துவிட்டார்கள். மனிதர் பெயருக்கு நேர் எதிர், ஒரு நிமிடம் சும்மா உட்கார மாட்டார். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பெண்டாட்டியையும் ஒரே மகள் மணிமொழியையும் கூட்டிக்கொண்டு, ஆபீஸ்கள் வருகிற வேங்கிக்காலுக்கு வந்தார். 1990 தை மாதம் கீற்றுக் கொட்டகை போட்டு மெஸ் திறந்தார்.

திறந்த அன்று முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். பெயர் பலராமன், வேலை கலெக்டர் ஆபீசில் தற்காலிகத் தட்டச்சர். போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் வந்து, புதுப்புடவையில் ஜோதியக்காவையும் துண்டு போட்ட மண்ணாங்கட்டியையும் வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். பின்னால் குனிந்து பொங்கல் தின்றுகொண்டிருக்கும் என் உச்சந்தலையும் அதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானமே எனக்கு நிரந்தர ஆணை கைக்கு வந்தது. இரண்டு வருடமாக வராமல் இழுத்தடித்த ஆணை. அந்த சந்தோஷத்தில் சாயங்காலமும் அங்கேயே போய்ச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு வேறு எங்கும் போகவில்லை.

மறு வருடம் ஐப்பசியில் மண்ணாங்கட்டி செத்துப்போனார். சந்தையில் காய்கறி மூட்டையைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஜோதியக்கா கடையைத் திறந்துவிட்டாள். மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், துக்கம் கொண்டாட நேரமில்லை. நெற்றியில் பொட்டில்லாமல் வாசலில் நின்று இலை போட்டாள்.

ஆனால் ஆட்கள் வரவில்லை. மத்தியானம் வருவார்கள், காலையில் மட்டும் வரமாட்டார்கள். காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் சூப்பிரண்டு ராமகிருஷ்ணன்தான் சொன்னார். அவருக்கு ராகுகாலம் பார்க்காமல் பேனா மூடி திறக்கக்கூட வராது. அன்று ஸ்கூட்டரை நிறுத்தியவர், ஜோதியக்காவை நேருக்கு நேர் பார்த்ததும் மறுபடி கிளப்பினார்.

"காலங்காத்தால இந்த மூஞ்சியிலயா முழிக்கணும்? நான் இன்னிக்கு மெமோவுக்குப் பதில் குடுக்கணும்யா" என்று என்னிடம் முணுமுணுத்தார். முணுமுணுப்பு அவருடைய கணக்கில். பத்தடி தூரத்தில் இருந்த அக்காவுக்கு நன்றாகவே கேட்டது.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. மேலதிகாரியைத் திட்ட முடியாது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இன்னா சார் இப்படிப் பேசறீங்க? இந்த மூஞ்சியப் பாத்த அன்னிக்குத்தான் எனக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்துச்சு. மூக்கோரம் மச்சம் இருக்குது பாருங்க. ராசி மச்சம் சார் அது!"

உண்மையில் அந்த மச்சத்தை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இடது பக்கம் மூக்கும் கன்னமும் சேருகிற இடத்தில் கடுகளவு கறுப்பாக இருந்தது. சூப்பிரண்டு ஸ்கூட்டரை விட்டு இறங்கினார். மச்ச சாஸ்திரம் தெரிந்தவராம்.

"பொறவி மச்சமா? பொறவி மச்சம்னாதான் பலன். நடுவுல வந்துச்சுன்னா அது வெறும் மரு."

"பொறந்ததுலேர்ந்தே இருக்குது. இன்னாக்கா?" என்றேன்.

ஜோதியக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அடுக்கி வைத்திருந்த இலைகளைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

சூப்பிரண்டு நான்கு இட்லி தின்றார். அன்று சாயங்காலமே அவருடைய மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். தப்பு வேறு ஆபீசில் நடந்தது என்று தெரிந்துபோனதால் ரத்து செய்தார்கள், ஆனால் அந்தக் காரணம் யாருக்கு வேண்டும்? அடுத்த வாரம் வருவாய்ப் பிரிவு முழுக்க ஜோதியக்காவின் வாசலில் நின்றது. மாறுதல் விண்ணப்பம் அனுப்புகிறவன், சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதப்போகிற பெண், மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பும் டிரைவர் எல்லோரும் அக்கா முகத்தைப் பார்த்து இரண்டு இட்லி தின்றுவிட்டுத்தான் போனார்கள். காரியம் நடந்தால் மச்சத்தின் ராசி. நடக்காவிட்டால் சட்னியை மிச்சம் வைத்ததுதான் குற்றம் என்று அவர்களே ஒரு விதியும் செய்துகொண்டார்கள். கீற்று போய்த் தளம் போட்ட கட்டடம் வந்தது.

அந்தத் திறப்பு விழாப் படத்தைக் கண்ணாடி போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள் அக்கா. மண்ணாங்கட்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் மாலையும் போட்டாள். மாலை ஒரு பக்கமாகச் சாய்ந்து அவளுடைய முகத்தை மறைத்துத் தொங்கும். நான் இரண்டு தரம் நேராக்கினேன். மறுநாள் பார்த்தால் பழையபடி சாய்ந்திருக்கும். காற்று என்று நினைத்தேன்.

மச்சம் வளர்ந்தது. கடுகாக இருந்தது மூன்று நான்கு வருடத்தில் உளுந்தாயிற்று. "ராசி ஏறுதும்மா!" என்று சூப்பிரண்டு குதூகலித்தார். 1997 வாக்கில் பாதி மணிலாப்பயறு அளவுக்கு வந்து, நடுவில் குழி விழுந்து, ஓரம் எண்ணெய் தடவினாற்போலப் பளபளத்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தால் ரத்தம் வந்தது. பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி கசியும். அக்கா அதன்மேல் மஞ்சள் அப்பிக்கொண்டு வியாபாரம் பார்த்தாள்.

மணிமொழி அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள். ஒருநாள் என்னிடம் வந்து, "மாமா, நீங்க சொன்னாத்தான் கேக்கும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று அழுதாள். போனோம்.

ஊரில் பார்த்த டாக்டர் நல்ல மனிதர். முதல் கேள்வியாக, "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். ஜோதியக்கா என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "பொறவியிலேர்ந்து" என்றாள். அவர் முகம் மாறிவிட்டது. பிறவி மச்சம் திடீரென்று பெரிதாகிப் புண்ணாகி ரத்தம் கசிந்தால் மெலனோமா என்கிற பொல்லாத தோல் புற்றுநோயாக இருக்கலாம், தாமதிக்காமல் வேலூருக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டராக இருந்தவர் அனுபமா. ஆரணிப் பக்கத்துத் தமிழ் ஜைன நயினார் வீட்டுப் பெண், நம் பேச்சுதான் பேசுவார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஜோதியம்மா, கறுப்பா வர்றது எல்லாம் ஒண்ணு கெடையாது. வயசானா மெழுகு ஒட்டினாப்பல வரும், அது வெறும் மரு, ஒண்ணும் பண்ணாது. உங்களுது அது இல்ல. ரெண்டு புத்துநோய்ல ஒண்ணு. ஒண்ணுக்குப் பேரு பேசல் செல். இருக்கிற எடத்தையே மெதுவா அரிச்சிகினு கெடக்கும், பெரும்பாலும் ஊர் சுத்தப் போகாது. சுத்தமா எடுத்துட்டா தீந்துச்சு. இன்னொண்ணு மெலனோமா. அது கழுத்துக் கட்டி, ஈரல், நுரையீரல்னு கெளம்பிடும். நம்ம நெறத்துக்கு பேசல் செல்லும் கறுப்பாத்தான் வரும். அதனால பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்."

"பாத்தே சொல்ல முடியாதாங்க?" என்று நான் கேட்டேன்.

"ஓரம் முத்து மாதிரி பளபளக்குது. மேல சின்னச் சின்ன ரத்தக் குழாய் ஓடுது. அதப் பாத்தா பேசல் செல்தான்னு தோணுது. ஆனா பொறவியிலேர்ந்து இருந்த மச்சம் இப்படி மாறிச்சுன்னு சொல்றீங்களே, அதுதான் இடிக்குது. நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. பொறவியிலேர்ந்தா, நடுவுல வந்ததா?"

அறையில் டாக்டர், அக்கா, நான். அக்கா மறுபடியும் என்னைத்தான் பார்த்தாள்.

"பொறவிதாங்க."

"சரி. எப்படி இருந்தாலும் ஒரு துளி வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் முடிவு சொல்லலாம்."

அவ்வளவுதான், அக்கா எழுந்துவிட்டாள். "கத்தி பட்டா பரவிடும்னு சொல்லுவாங்க. மெதுவா போற மாதிரி இருந்தா வெட்டலாம், ஓடற மாதிரி இருந்தா எதுக்கு வெட்டணும்? இருக்கிற வரைக்கும் இந்த மூஞ்சியோட இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். நான் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

பஸ்ஸில் ஆரணி தாண்டுகிற வரைக்கும் நான் திட்டிக்கொண்டே வந்தேன். மகளை நினைத்துப் பார்த்தாயா, இரண்டு இட்லிக்கு உயிரை விடுவாயா என்று கேட்டேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே இருந்தாள். போளூர் தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் திட்டுவதை நிறுத்தினேன்.

மறுநாள் மத்தியானம் பந்தி முடிந்து மேசை துடைத்தாயிற்று. அக்கா ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். மாலையை எடுத்துக் கீழே போட்டாள்.

"பாரு."

பார்த்தேன். சந்தனப் பொட்டோடு மண்ணாங்கட்டி. பக்கத்தில் முப்பத்தெட்டு வயது ஜோதியக்கா, பெரிய பொட்டு, மூக்குத்தி. இடது கன்னம் துடைத்து வைத்த தட்டு போலச் சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"இந்தப் படம் எடுத்து ஒரு வருஷம் கழிச்சு வந்துச்சு பலராமா. மொதல்ல பருன்னு நெனச்சேன். அவரு செத்தப்ப கடுகாட்டம் இருந்துச்சு. நீ பொறவின்னு சொன்ன. நான் இல்லன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே கடைய மூடியிருக்கணும்."

"அதனாலதான் மாலைய சாச்சி வெச்சியா?"

"வேற எதுக்கு? நீ வந்து வந்து நேராக்கிட்டுப் போவ."

"டாக்டர்கிட்டயாவது நெசத்த சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீ பக்கத்துல நின்னுகினு இருந்த. நீ ஊரெல்லாம் பொறவி மச்சம்னு சொல்லி வெச்சிருக்கற. உன்ன வெச்சிகினு எப்படி இல்லன்னு சொல்றது? உன்ன பொய்யனாக்கவா?" என்றவள், கீழே கிடந்த மாலையை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அது போய்ட்டா நான் வெறும் தாலி அறுத்தவதானே. காலையில எவன் வருவான்?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நான் ஊருக்குச் சொன்ன பொய்யை, அவள் அன்றைக்கு ஆமா என்றதால், உண்மை என்றே நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அது பொய் என்று தெரிந்தவள், நான் தலைகுனியக் கூடாதென்று தன் உயிரை வைத்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். இப்படியும் இரண்டு முட்டாள்கள் ஒரே மெஸ்ஸில் இருக்க முடியுமா?

"கெளம்பு" என்றேன். சட்டமடித்த படத்தை அப்படியே மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் பிடித்தோம்.

அக்கா உண்மையைச் சொல்லச் சொல்ல, டாக்டர் அனுபமா அந்தப் படத்தை மேசைமேல் படுக்கவைத்து, முகத்தைப் பார்த்த அதே பூதக்கண்ணாடியால் பார்த்தார். மேலும் கீழுமாக இரண்டு தரம் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"ஜோதியம்மா, இத மொத நாளே சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் நிம்மதியா தூங்கியிருப்பேன். ஆறேழு வருஷமா கடுகு, உளுந்து, மணிலான்னு நிதானமா வளந்திருக்குது. நான் கண்ணால பாத்ததோட இப்ப இது ஒத்துப்போவுது. ஆனா போட்டோவ வெச்சு நான் நோய்க்குப் பேரு வைக்க முடியாது. துளி எடுத்துத்தான் ஆகணும். கத்தி பட்டு எதுவும் பரவாது. பயந்துகினு சும்மா வுட்டா இது மூக்கத் தின்னும், அப்புறம் கண்ணுக்குப் போவும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எடுங்க" என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, பாசிப்பருப்பில் பாதி அளவுக்கு எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் என்றார்கள். அந்தப் பத்து நாளில் நான் தட்டச்சு செய்த கடிதங்களில் 'பேசல்' என்று இரண்டு இடத்தில் விழுந்திருந்ததை ராமகிருஷ்ணன் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். பதினோராம் நாள் மணிமொழியையும் கூட்டிக்கொண்டு போனால், டாக்டர் வாசலிலேயே நின்று கட்டைவிரலை உயர்த்தினார். பேசல் செல்தான். மணிமொழி டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். புற்றுநோய் என்று சொன்னதற்கு ஒரு குடும்பம் சாமி கும்பிட்டதை அந்த வராந்தாவில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

மச்சத்தையும் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார்கள். கன்னத்துத் தோலை நகர்த்தி இழுத்து அந்தக் குழியை மூடித் தைத்தார்கள். மூக்கு தப்பித்தது. கண்ணுக்குக் கீழிருந்து உதட்டோரம் வரை ஒரு வளைந்த தழும்பு மட்டும் தங்கியது. எடுத்ததன் ஓரங்களையும் பார்த்துவிட்டோம், மிச்சம் இல்லை, வருடத்துக்கு ஒரு தரம் வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர்.

ஒரு மாதம் கழித்துக் கடை திறந்தோம். காலை ஏழு மணிக்கெல்லாம் பழைய கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. இலை போட்டது மணிமொழி. அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ராமகிருஷ்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். "எங்கம்மா உங்கம்மா? என் பென்ஷன் பேப்பரு இன்னிக்கு மெட்ராஸ் போவுது. மச்சத்தப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

எல்லோரும் அடுப்படிப் பக்கம் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லோருக்கும் தெரியும், என்ன எடுத்தார்கள் என்று தெரியாது. அடுப்படியில் கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள். தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"மச்சம் போயிடுச்சு சார். அது மச்சமும் இல்ல, பொறவியும் இல்ல. புத்துநோய். நெசமான போட்டோ அங்க மாட்டியிருக்குது, பாத்துக்கங்க. ராசி வேணும்னா வேற எடம் பாருங்க. இட்லி வேணும்னா இங்க இருக்குது."

எல்லாத் தலையும் சுவர்ப் பக்கம் திரும்பியது. மாலை இப்போது மண்ணாங்கட்டியின் பக்கம் மட்டும் நேராகத் தொங்கியது. சூப்பிரண்டு எழுந்து போய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஆபீசில் தப்புக் கண்டுபிடித்தால் வருகிற அதே முகம்.

"யோவ் பலராமன், இது கடை தெறந்த அன்னிக்கு எடுத்ததுதானே? அன்னிக்குத்தானே உனக்கு ஆர்டர் வந்துச்சு? மச்சத்தப் பாத்ததாலதான் வந்துச்சுன்னு சொன்னியே. இல்லாத மச்சத்த எப்படிய்யா பாத்த?"

அக்காவும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அதானே. அன்னிக்கு என் மூஞ்சியில இன்னாத்தப் பாத்த?"

தப்பிக்க வழியே இல்லை. படத்தில் பின்னால் குனிந்திருக்கும் என் உச்சந்தலையைக் காட்டினேன்.

"மூஞ்சிய எங்கக்கா பாத்தேன்? பசியில வந்தேன். இலையத்தான் பாத்தேன்."

முதலில் சிரித்தவள் மணிமொழி. அப்புறம் டிரைவர் சிரித்தார், அப்புறம் மெஸ்ஸே சிரித்தது. தழும்பு இழுக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அக்காவும் சிரித்தாள். சூப்பிரண்டு மட்டும் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்த் தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சட்னியை மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டார். பிறகு எழுந்து, சட்டைக் காலரை இறக்கிப் பிடரியில் இருந்த ஒரு கறுப்புத் திட்டை அக்காவிடம் காட்டினார்.

"ஏம்மா, இதையும் கொஞ்சம் பாரேன். இது இன்னாவா இருக்கும்?"

அக்கா குனிந்து பார்த்தாள். "எத்தினி வருஷமா இருக்குது? நெசத்த சொல்லுங்க சார்."

"பத்து வருஷம் இருக்கும். இப்பதான் கொஞ்சம் பெருசாயிருக்குது."

"அப்ப என்ன கேக்காதீங்க, டாக்டரம்மாவக் கேளுங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

வேலூர் போய்க் காட்டினார். மெழுகு மரு, ஒன்றும் பண்ணாது என்று அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் பேப்பர் இரண்டு தரம் திரும்பி வந்து, மூன்றாம் தரம்தான் தேறியது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் வேங்கிக்காலில்தான் குடியிருந்தார். 2004 வரைக்கும், கால் வலி வந்து நடக்க முடியாமல் போகிற வரைக்கும், காலை ஆறரைக்கு முதல் ஆளாக மெஸ் வாசலில் வந்து நிற்பவர் அவர்தான். ஜோதியக்காதான் வெளியே வந்து இலை போடுவாள்.